டோக்கியோ நேரத்தில் வீடு பார்க்க வந்த செட்டியார்

இன்று காலை ஏழு மணிக்குச் செட்டியார் எங்கள் வீட்டைப் பார்க்க வந்தார்.

ஊரைப் பிடித்த ஜப்பான்காரன் கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி டோக்கியோ நேரத்துக்கு வைத்ததிலிருந்து, எங்கள் ஊர் காஜா பேராங்கில் காலை ஏழு மணி என்றால் கும்மிருட்டு.

வாடகைக்கு இருக்கும் வீட்டையே வாங்கப் போகிறோம். அதையே செட்டியாரிடம் அடமானம் வைத்துத்தான் பணம். அவர் பார்த்துச் சம்மதித்தால்தான் நில அலுவலகத்தில் கையெழுத்து. இல்லாவிட்டால் வீட்டுக்காரர் வேறு ஆளுக்கு விற்றுவிடுவார்.

கூரை ஒழுகுவது எனக்குத் தெரியும். இருட்டாக இருப்பதும் நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

என் மனைவி தேங்காயெண்ணெய் விளக்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். செட்டியார் தூணைத் தட்டினார், பலகைச் சுவரைத் தடவினார்.

"வீடு கெட்டியாத்தான் இருக்கு."

அப்போது பார்த்து ஒரு காற்று. விளக்கு அணைந்துவிட்டது.

தலைக்கு மேலே அத்தாப்பு ஓலைக் கூரை முழுக்க நட்சத்திரம். மூன்று பேரும் அண்ணாந்து நின்றோம். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. டோக்கியோ கடிகாரத்துக்கும் தெரிந்திருக்காது.

செட்டியார்தான் முதலில் வாய் திறந்தார்.

"பணம் தர்றேன் தம்பி. கூரைய மாத்திட்டு வாங்க. அப்புறம் கையெழுத்துப் போட்டுக்கலாம்."

அவர் போன பிறகும் மனைவி விளக்கை ஏற்றவில்லை.

"இதுக்குக் கீழதான் இத்தனை வருஷமா கண்ண மூடிப் படுத்திருந்தோமா?" என்றாள்.

அத்தாப்பு எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நாளைக்கே வேண்டாம். நாளை மறுநாள் போதும்.