ஒன்பது வீட்டு மாநாடு

கம்சிகா என்ற பெயரைத் தவநாயகி முதன்முதலில் கேட்டது தொலைபேசியில். தம்பி சண்முகராசா ஆசுப்பத்திரியில் இருந்து எடுத்து, "அக்கா, பொம்பிளைப் பிள்ளை. கம்சிகா எண்டு வைச்சாச்சு" என்றான்.

"உதென்ன பெயரடா? அப்பான்ர பக்கத்திலை இல்லை, அம்மான்ர பக்கத்திலை இல்லை, உன்ர மனுசி ரஜனியின்ர ஆக்களிலையும் நான் கேள்விப்படேல்லை."

"அதுக்குத்தான் வைச்சனான்" என்றுவிட்டுப் போனை வைத்துவிட்டான்.

ஒருத்தருக்கும் இல்லாத பெயர் வைத்த பிள்ளை ஒருத்தர் சொல்லும் கேளாது என்று தவநாயகி அன்றைக்கே தன் மனுசனிடம் சொன்னாள். அது அப்படியே பலித்தது. டொக்டருக்குப் படி என்றார்கள், மாட்டன் என்றாள். கணக்குப் படி என்றார்கள், அதுவும் இல்லை. சரித்திரம் படித்து, அதுக்கு மேலும் படித்து, கடைசியில் கலாநிதிப் பட்டத்துக்கு அவள் எடுத்த ஆராய்ச்சி என்ன தெரியுமோ? லண்டன் பெற்றோல் ஷெட்டுகளில் இரவு ஷிப்ட் அடித்த தமிழரைப் பற்றி. அவளுடைய தகப்பன் ஸ்ட்ரெதத்தில் அந்த வேலை செய்துதான் வீடு வாங்கினவன்.

"இதுக்கு யூனிவேர்சிற்றியோ பிள்ளை?" என்று சண்முகராசா கேட்டான். "ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரத்திலை நான் முழுக்கச் சொல்லிப்போடுவன்."

"நீங்கள் சொல்லத் தொடங்கினால் தேத்தண்ணி ஆறிப்போம் அப்பா" என்றாள் மகள்.

தகப்பன் வீட்டில் இருந்து படிக்க ஏலாது, ரிவிப் பெட்டிச் சத்தம். தோர்ண்டன் ஹீத்தில் தவநாயகியின் மேல்மாடி அறை சும்மா கிடந்தது. புத்தகமும் தானுமாக அங்கே வந்து குடியேறினாள்.

அந்த வருஷம் தை மாதம் ஒரு புதினச் செய்தி கொண்டுவந்தாள். ஆராய்ச்சி மாணவர்கள் தாங்களே ஒரு நாள் மாநாடு வைக்க யூனிவேர்சிற்றி காசு குடுக்குமாம். மண்டபம், மத்தியானச் சாப்பாடு, தூரத்திலிருந்து வந்து பேசுகிறவர்களின் ரயில் செலவு எல்லாம் அதுக்குள் அடக்கம். கம்சிகா கேட்டிருந்தாள், கிடைத்துவிட்டது. ஒரு நிபந்தனைதான்: குறித்த திங்கட்கிழமைக்கு முன்னம் நாற்பது பேராவது இணையத்தில் பதிய வேண்டும். இல்லாவிட்டால் காசும் மண்டபமும் திரும்பப் போய்விடும்.

"நாற்பதோ? எங்கட ஆக்கள் நூறு வருங்கள்" என்று தவநாயகி போனை எடுத்தாள். ஆரிடம் கேட்டாலும் ஒரே மறுமொழி: "உங்கட மருமகள் வைக்கிறதுக்கு வராமல் விடுவமோ? பதிஞ்சிட்டம்."

கெடுவுக்கு முந்தின வியாழக்கிழமை, யூனிவேர்சிற்றிக் கந்தோரில் இருந்து பிரீத்தா போன் எடுத்தாள். இவள் சென்னைப் பிள்ளை, மாநாட்டு நிதி அவள் கையால்தான் போகும். கம்சிகா கீரை ஆய்ந்துகொண்டிருந்தபடியால் போனைச் சத்தமாக்கி மேசையில் வைத்தாள்.

"கம்சிகா, ஒன்பது பேர்தாம்மா பதிஞ்சிருக்காங்க. திங்கட்கிழமை கமிட்டி கேன்சல் பண்ணிடுவாங்க."

"பெயரை வாசியுங்கோ அக்கா."

பிரீத்தா வாசித்தாள். விஜயரத்தினம். டொலறஸ். பிறகு இன்னும் ஏழு பெயர். கேட்கக் கேட்கத் தவநாயகிக்கு விளங்கிவிட்டது. கலியாண அழைப்பிதழில் ஒரு பெயர்தானே எழுதுகிறது, 'குடும்பத்தினர்' என்று அடியில் போட்டால் மச்சாள், மருமகன், பெட்டி சுமக்கிறவன் எல்லாரும் அதுக்குள் அடக்கம். அந்தப் பழக்கத்தில் வீட்டுக்கு ஒருத்தர் பதிந்துவிட்டு, எல்லாரும் வெளிக்கிட்டு வர இருந்தார்கள்.

"அது ஒன்பது பேர் இல்லை அக்கா. ஒன்பது வீடு."

"ஆமா, எனக்குப் புரியுது. கம்ப்யூட்டருக்குப் புரியலையே. உன் ஃப்ரெண்ட்ஸ் பேரைப் போட்டு ரொப்பிடேன், யாரு வந்து எண்ணப் போறா?"

"வராத மாணவருக்குக் கதிரை போட்டு, வாற மனுசரை வாசலிலை விடச் சொல்லுறியளோ? மாட்டன்."

பின்னேரம் சண்முகராசா வந்தான். "இதுக்கேன் மல்லுக்கட்டுறாய்? கோயில் மண்டபத்தைச் சும்மா தருவினம். நானே கதைக்கிறன்."

"கோயிலிலை வைச்சால் அது எங்கட கூட்டம் அப்பா. எங்களுக்குள்ளை நாங்கள் கதைச்சுப்போட்டு வடை தின்னுறது. இது யூனிவேர்சிற்றியின்ர மாநாடு. அவையின்ர மண்டபத்திலை, அவையின்ர காசிலை. நான் அங்கை படிக்கிறவள், பிச்சைக்குப் போகேல்லை."

"ஆரைப் போலை இவள்?" என்று தம்பி அக்காவைப் பார்த்தான்.

"பெயர் வைக்கேக்கை யோசிச்சிருக்க வேணும்" என்றாள் தவநாயகி.

அடுத்த நாள் விடிய வெளிக்கிட்டார்கள். எங்கட ஆக்களைப் போனில் பிடிக்க ஏலாது, வாசலில் போய் நின்று கேட்க வேண்டும். தவநாயகி கலியாணத்துக்குச் சொல்லப் போகிறமாதிரிச் சீலை உடுத்திக்கொண்டு முன்னே போக, மருமகள் கொம்பியூட்டரோடு பின்னே போனாள். மூன்று நாளும் பஸ், ரயில், குரோய்டன் பக்கம் ட்ராம்.

பதிவுப் படிவத்தில் பெயருக்குக் கீழே இன்னொரு பெட்டி இருந்தது, 'நிறுவனம்' என்று. படித்தவர்கள் தங்கள் யூனிவேர்சிற்றியின் பெயரைப் போடுகிற இடம். டொலறஸ் அதைப் பார்த்துச் சிரித்தாள்.

"எனக்கென்ன நிறுவனம் பிள்ளை? அவர் செத்தாப்பிறகு வீடும் சேர்ச்சும்தான்."

"அங்கிளின்ர ஷெட்டிலை நீங்கள் கல்லாவிலை நிண்டனீங்கள்தானே?"

"சனி ஞாயிறு நிண்டனான். களவெடுக்க வந்தவனுக்குத் தும்புத்தடியாலை குடுத்தனான்."

"அப்ப அதுதான் உங்கட நிறுவனம்" என்று கம்சிகா ஷெட்டின் பெயரையும் தெருவின் பெயரையும் தட்டினாள். டொலறஸின் மகளுக்கும் மருமகனுக்கும் தனித்தனியாகப் பதிந்தாள். விஜயரத்தினம் வீட்டில், தான் ஷெட்டில் எவ்வளவு காலம் நின்றது என்பதையும் போடச் சொல்லி அவர் அடம்பிடித்தார். போட்டாள்.

திங்கட்கிழமை பிரீத்தாவின் குரல் ஒரு மாதிரி இருந்தது. "எண்ணிக்கை தாண்டிடுச்சு. ஆனா கமிட்டியில கேக்குறாங்க, பெட்ரோல் பங்க் எல்லாம் நிறுவனமான்னு."

"என்ன எழுதவேணும் எண்டு உங்கட விதியிலை இருக்கோ?"

கடதாசி புரளும் சத்தம் கேட்டது. "காலியா விடக்கூடாதுன்னு மட்டும்தான் இருக்கு."

"நாங்கள் ஒரு பெட்டியும் காலியா விடேல்லை அக்கா."

பிரீத்தா சிரித்தாளோ இருமினாளோ தெரியாது. மண்டபம் கிடைத்தது.

மாநாட்டன்று தவநாயகி இரண்டாம் வரிசையில் இருந்தாள். முன்னுக்குப் பேராசிரியர்கள். வெளியூர் மாணவர்கள் கட்டுரை வாசித்தார்கள், அவளுக்குப் பாதி விளங்கவில்லை. பிறகு ஷெட்டில் நின்ற ஆக்கள் பேசினார்கள். சண்முகராசாவின் முறை வந்ததும், முதன்முதல் ஷெட் எடுத்த தமிழன் ஆர் என்பதில் அவனுக்கும் விஜயரத்தினத்துக்கும் கொளுவல் வந்துவிட்டது. "அண்ணை, நீங்கள் வரமுதலே நான் இரண்டாவது ஷெட்டிலை" என்று தம்பி கையை நீட்ட, மற்றவர் எழும்ப, பேராசிரியர்கள் ஆளையாள் பார்த்தார்கள்.

கம்சிகா மேடையில் இருந்து மணிக்கூட்டைக் காட்டினாள். "அப்பா, உங்கட நேரம் முடிஞ்சுது. இருங்கோ."

தாய் சொல்லியும் இராதவன் கதிரையில் இருந்தான்.

தேத்தண்ணி நேரத்தில் கமிட்டித் தலைவர், நரைத்த மனிசன், நாகரிகமாகத்தான் சொன்னார்: நல்ல கூட்டம், ஆனால் அடுத்த வருஷத்தில் இருந்து யூனிவேர்சிற்றி ஆட்களை மட்டும் எண்ணுகிறமாதிரி விதியைத் திருத்தப் போகிறார்களாம். கம்சிகா அதைத் தமிழில் மாமிக்குச் சொல்லிப்போட்டு, அவரிடம் இங்கிலிசில் கேட்டாள், அந்தக் கமிட்டியில் மாணவருக்கு ஒரு இடம் உண்டா என்று. உண்டாம். ஒருத்தரும் கேட்டு வருகிறதில்லையாம்.

அவள் கேட்டு நின்றாள், மாணவர் வாக்குப் போட்டார்கள், வென்றாள். விதி திருத்தும் கூட்டம் இரண்டு தரம் நடந்துவிட்டது, இன்னும் திருத்தி முடியவில்லை.

கம்சிகா இப்போதும் தோர்ண்டன் ஹீத்தில் தவநாயகியின் மேல்மாடி அறையில்தான் இருக்கிறாள். பட்டம் இன்னும் முடியவில்லை. மாதத்தில் ஒரு புதன்கிழமை அந்தக் கமிட்டிக்குப் போய் வருகிறாள்.