பாகூரில் இரண்டு தனலட்சுமிகள்

எண்பதுகளின் கடைசியில், ஒரு மாசி மாதம் போன பயணம் இது. அப்போது சென்னையில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் கம்பெனியில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். யார் கரும்பை எந்த வாரம் வெட்டுவது என்று பட்டியல் போடும் புரோகிராமை ஒரு சர்க்கரை ஆலைக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். நானோ கரும்பை ஜூஸ் கடையில் மட்டும் பார்த்தவன். அந்தப் பட்டியல் போய்ச் சேரும் ஊர் எப்படித்தான் இருக்கும் என்று பார்க்க ஆசை வந்தது.

புதுச்சேரியில் காலை 7.40க்குக் கடலூர் பஸ். கிருமாம்பாக்கத்துக்கு ஒன்றரை ரூபாய், நாற்பது நிமிடம். அங்கிருந்து பாகூருக்கு நாலு கிலோமீட்டர் நடந்தேன். வழியில் ஒரு வயலில் மட்டும் கரும்பு வெள்ளையாகப் பூத்து நின்றது. அழகாக இருக்கிறதே என்று வரப்பில் நின்ற அம்மாவிடம் சொல்லியும் விட்டேன்.

“அழகா? பூத்தா சாறு வத்திடும்பா. ஆலைக்காரன் வெட்டு ஆர்டர் குடுத்தாதான் வெட்ட முடியும், ஒரு மாசமா அதுக்கு அலையறேன். உன் கரும்ப வெட்டியாச்சுன்னு கம்ப்யூட்டர்ல கீதுன்றான்.”

அவர் பெயர் தனலட்சுமி. கணவர் இறந்துவிட்டார், இருப்பது இந்த ஒரு காணி நிலம்தான். வெட்டியது அதே ஊரில் இருக்கும் இன்னொரு தனலட்சுமியின் கரும்பை. ஒரே ஊரில் ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் தவறுதலாக இருமுறை பதிந்தது என்று ஒன்றை நீக்கிவிடும்படி எழுதியவன் நான்தான். சாமர்த்தியம் என்று மேலாளர் பாராட்டு வேறு.

“அந்தப் புரோகிராமை எழுதினது நான்தாம்மா. தப்பு என்னோடது.”

மேலும் கீழும் பார்த்தார். “ஊர்ல எத்தினி தனலட்சுமி கீறோம்னு ஒரு வார்த்த கேட்டியா?”

கேட்கவில்லை.

புதுச்சேரியில் பஸ் மாறி, இருவரும் வில்லியனூரில் இருந்த ஆலையின் கரும்பு அலுவலகத்துக்குப் போனோம். ஒன்றே முக்கால் மணி நேரம். குமாஸ்தா பட்டியலைத் தட்டிக் காட்டினார். “மிஷின் தப்பு பண்ணாது சார்.”

“மிஷினுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான் சார்” என்றேன். அவர் நம்பவில்லை. தவறு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகுதான், கையாலேயே வெட்டு ஆர்டர் எழுதினார். நாலாம் நாள் வெட்டினார்கள். எடை குறைந்துதான் போயிற்று.

போக நினைப்பவர்கள் மாசியில் போங்கள், வெட்டு மும்முரமாக நடக்கும். தண்ணீர் கொண்டுபோங்கள், நடக்கும் வழியில் கடை கிடையாது (அப்போது கிடையாது). புரோகிராம் எழுதுபவர் என்றால், எழுதும் முன்பே போய்விடுங்கள்.

சென்னை திரும்பி, தகப்பன் அல்லது கணவன் பெயரையும் சேர்த்துப் பட்டியலை மறுபடி ஓட்டினேன். பாகூரில் மட்டும் விட்டுப்போன இன்னும் ஒன்பது பேர் வெளியே வந்தார்கள். ஒருவர்கூடப் புகார் கொடுத்திருக்கவில்லை. கம்ப்யூட்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று காத்திருந்திருக்கிறார்கள்.