நான் போட்ட புள்ளிக்கோடு

வரைபடத்தில் அது ஒரு விரல் நீளம்கூட இல்லை. மேலூரிலிருந்து தார்ச்சாலை வரை மெல்லிய புள்ளிக்கோடு. பக்கத்தில் என் கையெழுத்தில் 'மண்பாதை, புதியது' என்றிருக்கும். பென்னாகரத்துக் காட்டோரம் ஓர் ஆய்வுக்காகக் கேள்வித்தாளும் கையுமாக அலைந்த வருடங்களில் நான் செய்த மிகத் துல்லியமான வேலை அதுதான். அந்தப் பாதையை எனக்குக் காட்டிய அக்காவை நினைக்காமல் அதைப் பார்க்க முடிவதில்லை.

ஆய்வை நடத்திய பேராசிரியர் விளக்கியது எளிமையானது. ஓர் ஊர் ஏன் வளர்கிறது, இன்னோர் ஊர் ஏன் அப்படியே கிடக்கிறது என்று கண்டுபிடிக்க, மருந்தைச் சோதிப்பதுபோல ஒன்றுக்குச் சாலை கொடுத்து மற்றதற்கு மறுத்துப் பார்க்க முடியாது. ஆனால் சில இடங்களில் வரலாறே அப்படிப் பிரித்து வைத்திருக்கும். வெள்ளைக்காரன் காலத்தில் யாரோ ஓர் அதிகாரி காட்டு எல்லையை இழுத்தபோது பக்கத்து ஊரான கீழூர் வெளியே விழுந்தது, மேலூர் உள்ளே மாட்டிக்கொண்டது. ஒரே மண், ஒரே மழை, பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் சொந்தங்கள். கீழூருக்குச் சாலை வந்தது. மேலூருக்குக் காட்டுச் சட்டம் குறுக்கே நின்றது. இன்று இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சாலையால் வந்தது என்று ஓரளவு நம்பிச் சொல்லலாம். இயற்கையே நடத்திய சோதனை என்றார். எனக்கு அது அழகாகத் தெரிந்தது. இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அக்கா கீழூரில் பிறந்து மேலூருக்கு வாக்கப்பட்டவர். என் கேள்வித்தாளை அவரைப்போல யாரும் கேலி செய்ததில்லை. "போன வருசமும் இதேதான் கேட்டீங்க தம்பி. எங்க வூட்ல ஆடு குட்டி போட்டா சொல்லி அனுப்புறோம், நீங்க அங்கியே குந்திக்கினு எழுதிக்குங்க" என்பார். மூன்றாம் வருடம், நோயாளிகளை எப்படிக் கொண்டுபோகிறீர்கள் என்ற கேள்விக்கு, வழக்கமாகச் சொல்லும் சேலைத்தூளியைச் சொல்லாமல் என்னை எழுப்பி அழைத்துப் போனார். ஊரே சேர்ந்து புதர் வெட்டி, கல் பொறுக்கி, ஜீப் வரும் அகலத்துக்கு ஒரு பாதை போட்டிருந்தது. "யாருகிட்டயும் சொல்லிடாதீங்க தம்பி. நம்ம ஆளுன்னுதான் காட்டுறேன்" என்றார். சொல்ல மாட்டேன் என்று தலையாட்டினேன். அறிக்கையில் போடுவது சொல்வதில் சேராது என்றுதான் அப்போது நினைத்திருந்தேன்.

பேராசிரியரிடம் சொன்னபோது அவர் முகம் வாடியது. மேலூருக்கும் பாதை வந்துவிட்டால் ஒப்பீடே கெட்டுவிடும். மறைத்தால் அது பொய். "குறிச்சிடுங்க. பாத்தத மறைக்கக் கூடாது" என்றார். நேர்மையான மனிதர். நானும் நேர்மையாகக் குறித்தேன். அந்த வரைபடம் அறிக்கையோடு சேர்ந்து தருமபுரியில் நடந்த ஒரு கூட்டத்தில் வனத்துறையினர் உட்பட எல்லோர் கைக்கும் போனது. சில வாரங்களில் பாதையின் குறுக்கே, தார்ச்சாலைப் பக்கமாக, ஆளுயரப் பள்ளம் வெட்டிவிட்டார்கள். சட்டப்படி எல்லாம் சரி.

அந்த ஆவணியில், பட்டப்பகலில், அவரைக்காய்க் கொல்லையில் அக்காவின் வீட்டுக்காரரைப் பாம்பு கடித்தது. கீழூர் ஜீப் பள்ளத்துக்கு அந்தப் பக்கமே நின்றது. தூளியில் தூக்கிக்கொண்டு பாதை முழுக்க ஓடிவந்து, பள்ளத்தில் இறக்கி ஏற்றியிருக்கிறார்கள். பென்னாகரம் போய்ச் சேருமுன் உயிர் போய்விட்டது.

கணக்கெடுப்பின் கடைசிச் சுற்றுக்கு நானே போனேன்; வேறு யாரையும் அனுப்ப மனம் வரவில்லை. குடும்ப உறுப்பினர் பட்டியலில் இறந்தவர் பெயருக்கு நேரே இறப்புக்கான குறியீட்டு எண்ணை எழுதினேன். அக்கா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார், கேலி இல்லாமல், என்னை சார் என்று அழைத்து. அழுதது நான்தான். அதுவும் அவருக்குத் தொந்தரவாகத்தான் இருந்திருக்கும். நோயாளிகள் பற்றிய கேள்வியைக் கேட்காமல் தாண்டப் பார்த்தேன். அவருக்கோ கேள்விகள் மனப்பாடம்.

"வேற வழி ஒண்ணு வெச்சிருக்கோம் சார். எங்கன்னு உங்ககிட்ட சொல்ல மாட்டோம்."

'பாதை இல்லை' என்று எழுதிக்கொண்டு வந்தேன்.

அந்த ஆய்வுக்கட்டுரையை இப்போது ஒரு கல்லூரியில் நானே பாடமாக நடத்துகிறேன். அட்டவணையில் மேலூருக்கு நேரே பாதைக்குச் சுழியம் இருக்கிறது. இந்த முடிவை நம்பலாமா சார் என்று போன வாரம் ஒரு மாணவி கேட்டாள். நம்பலாம் என்றேன்.