கப்பல் காத்திருந்த பெயர்

பிரிக்பீல்ட்ஸில் நான் பல்லைக் காட்டப் போகும் கிளினிக்கில் "ஆறுமுகம்" என்று கூப்பிட்டால் எழுந்து போக வேண்டியவள் நான். காத்திருப்பவர்கள் மீசை வைத்த ஒருவரைத் தேடிவிட்டு, கைப்பையோடு நான் நடப்பதைப் பார்த்துக் குழம்புவார்கள். இங்கே மலேசியாவில் பிறந்த தமிழ்ப் பெண்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்கள் அடையாள அட்டையில் சொந்தப் பெயர் முதலில், 'இன்னார் மகள்' என்று அப்பா பெயர் பிறகு. எனக்கோ இந்தியக் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பாவைப் போட்டுவிட்டார்கள். அதனால் கலாவதி என்கிற நான், வங்கியிலும் குடிநுழைவு அலுவலகத்திலும் ஆறுமுகமாக நடமாடுகிறேன். இத்தனை வருடமாகியும், கூப்பிட்டதும் அரை நொடி உட்கார்ந்தே இருப்பேன். ஒருவேளை அவர் எழுந்து வந்துவிட்டால்?

அப்பா நாகப்பட்டினத்துப் பக்கம் மீன் பிடித்தவர். நான் ஒன்பதாவது படிக்கும்போது நான்கு பேர் போன படகில் மூன்று பேர் திரும்பி வந்தார்கள். கயிறு காலைச் சுற்றி இழுத்து விழுந்தார் என்றார்கள். டீசல் இருக்கும்வரை அந்த இடத்தையே சுற்றினோம் என்று சொல்லி அழுதார்கள். அவர்களை நான் குறை சொன்னதில்லை. சின்னப் படகு, பெரிய கடல். உடல் கிடைக்கவில்லை, அதனால் அம்மா தாலியைக் கழற்றவில்லை. நான் அதன் பிறகு கடலில் கால்கூட நனைத்ததில்லை. என் வீட்டுக்காரர் போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் இறக்குகிற இடத்தில் ஷிப்டு வேலை பார்க்கிறார். அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனால்கூட தண்ணீருக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்பேன்.

அப்படிப்பட்டவளைத்தான் என் நாத்தனார் பாக்கியம் அக்கா, போர்ட் கிள்ளானிலிருந்து கிளம்பும் உல்லாசக் கப்பலுக்கு டிக்கெட் எடுத்து இழுத்துப் போனார். "எத்தன நாளைக்கு பயந்துகிட்டே இருப்ப? ரெண்டு ராத்திரிதான் லா. பிடிக்கலன்னா கண்ண மூடிக்க" என்றார். கிள்ளானில் தையல் கடை வைத்திருக்கும் அவர் பிறந்து வளர்ந்தது ஒரு எஸ்டேட்டில். ஏறிவிடலாம் என்று எனக்கும் ஒரு வீம்பு. ஆனால் கப்பல் கரையை விட்டு விலகும்போது நான் என்ன ஆவேன் என்பது எனக்கே தெரியவில்லை. கிளம்புவதற்குள் இறங்கிவிட ஒரு சாக்கு கிடைக்காதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கப்பலைப் பார்த்து வாயடைத்துப் போனேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மாடி மாடியாக ஒரு ஊர். அறைக்குள் தொலைக்காட்சி, ஆபத்து என்றால் ஏழு முறை குறுக ஒலித்து ஒரு முறை நீள ஒலிக்கும் என்று திரும்பத் திரும்பச் சொன்னது. மூன்றாம் முறை சொல்வதற்குள் அணைத்துவிட்டேன். அக்கா செருப்பை மாட்டிக்கொண்டே, "பெரட்டுக்கு நேரமாச்சு. நான் முன்னாடி போறேன், நீ முகம் கழுவிட்டு வந்துரு" என்று கிளம்பினார்.

பெரட்டு என்றால் எனக்குத் தெரிந்தது கோழிப் பெரட்டல்தான். இந்த ஊர்க் கடைகளில் வாழையிலையில் அதைத்தானே வைக்கிறார்கள். உணவுக்கூடத்தைத் தேடிப் போய் தட்டை எடுத்துக்கொண்டு அக்காவைத் தேடினேன். அக்காவும் இல்லை, பெரட்டலும் இல்லை. ஒரு ஓரமாக உட்கார்ந்து, இங்கே மீ என்று சொல்லும் நூடுல்ஸைக் கிளறிக்கொண்டிருந்தபோது ஒலிபெருக்கி அழைத்தது. பயணி ஆறுமுகம், உடனே உங்கள் கூடுமிடத்துக்கு வரவும்.

கிளினிக்கில் கேட்டிருந்தால் எழுந்திருப்பேன். தரையில் அந்தப் பெயர் நான். தண்ணீரின் மேல் அந்தப் பெயர் நான் இல்லை. சன்னலுக்கு வெளியே கடல் இருக்க, ஒரு கப்பல் அப்பாவைக் கூப்பிட்டது. மறுபடியும் கூப்பிட்டது. நான் தட்டைப் பிடித்தபடி உட்கார்ந்தே இருந்தேன். சுற்றி எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

சீருடை அணிந்த ஒரு பெண், சட்டையில் அமீனா என்று பெயர், மேசை மேசையாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். என்னிடம் வந்து, "ஆறுமுகம்?" என்றாள். நான் தலையை ஆட்டி மறுத்தேன். என் அரைகுறை மலாயில் வாய்க்கு வந்தது இவ்வளவுதான்: "பாபா சாயா. ஜாத்து லாவுட்." என் அப்பா, கடலில் விழுந்துவிட்டார்.

அவள் முகம் வெளிறிப்போனதைப் பார்த்தேன். கை வாக்கிடாக்கிக்குப் போனது. "எந்தப் பக்கம்? எப்போ?" என்று கேட்டபடியே தளத்தின் கதவை நோக்கிப் பாதி ஓடிவிட்டாள். "ஆஸ்கர்" என்று அவள் வாயெடுத்த நேரத்தில், என்னைத் தேடி வந்த பாக்கியம் அக்கா குறுக்கே புகுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். இவள் அப்பா போய் ரொம்ப வருடமாகிறது, இது இந்தியாவில் நடந்தது, இவள்தான் ஆறுமுகம் என்று மலாயில் படபடவென்று சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். "பெரட்டுக்கு வான்னா இங்க வந்து மீ தின்னுகிட்டு இருக்க. எங்க எஸ்டேட்ல காலைல ஆளுங்கள நிக்க வச்சு பேர் கூப்புடுவாங்கல்ல, அதுதான் பெரட்டு."

அமீனா என்னைத் திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். ஆஸ்கர் என்றால் என்ன என்று கேட்டேன். பயணிகள் பதறக் கூடாது என்பதற்காக இந்தக் கப்பலில் வைத்திருக்கும் சொல். ஆள் கடலில் விழுந்தால் அது. தீப்பிடித்தால் பிராவோ, ஒருவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால் ஆல்ஃபா என்றாள். பிராவோ என்றால் நம்ம ஆளுங்க கை தட்டிருவாங்க என்றார் அக்கா. எனக்குச் சிரிப்பு வரவில்லை. "ஆஸ்கர் என்றால் கப்பல் என்ன செய்யும்?"

"திரும்பும், அக்கா" என்றாள் அமீனா.

"ஒரு ஆளுக்காகவா?"

"ஒரே ஒரு ஆள் விழுந்தாலும்." இதில் கேட்க என்ன இருக்கிறது என்பது போலப் பார்த்தாள். எல்லோரும் கூடுமிடத்தில் அட்டையைக் காட்டி முடிக்காமல் இந்தக் கப்பல் கிளம்பாது, நீங்கள் ஒருவர்தான் பாக்கி என்றாள்.

இவ்வளவு பெரிய ஊர், தன் அத்தனை விளக்குகளோடும் ஒரு ஆறுமுகத்துக்காக நின்றுகொண்டிருக்கிறது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இறங்க நினைத்திருந்ததே மறந்து அவர்கள் பின்னால் நடந்தேன். கூடுமிடத்தில் அமீனா என் அறை அட்டையைக் கருவியில் காட்டினாள். அது கூவியது. வாக்கிடாக்கியில் மேலே இருந்த யாருக்கோ சொன்னாள்: "ஆறுமுகம் சூடா ஜும்பா."

ஆறுமுகம் கிடைத்தாயிற்று. மலாய் வினைச்சொல்லுக்கு ஆண், பெண் என்ற வால் கிடையாது. கிடைத்தது நானா அவரா என்று அந்த வாக்கியம் சொல்லவில்லை. நான் சுவரைப் பார்த்துத் திரும்பி அழுதேன். அக்கா முந்தானையை நீட்டினார்.

கப்பல் கரையை விட்டு விலகியபோது நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி நின்றேன். வடக்கே போகப் போக இதே தண்ணீர்தான் எங்கள் ஊருக்கும் போகிறது. அம்மாவுக்கு ஃபோன் போட்டேன்.

"அம்மா, இங்க கப்பல்ல அப்பா பேரக் கூப்புட்டாங்கம்மா."

அந்தப் பக்கம் அம்மா தொலைக்காட்சியை அணைத்தாள்.

"நீ போயி நின்னியா?"

"நின்னேம்மா."

அம்மா பிறகும் ஏதோ சொன்னாள், விட்டு விட்டுக் கேட்டது, பிறகு அதுவும் நின்றது. ஃபோனைப் பார்த்தேன். மலேசியாவின் சிக்னல் போய்விட்டிருந்தது. இந்தியாவின் சிக்னல் அங்கே எப்படி வரும்? ஆனாலும் வெகுநேரம் அதைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.