ஆல்டர்னேட்டருக்குள் ஓர் ஊசி

மலைக்கு ஜீப் ஓட்டுகிறவர்கள் வண்டியைச் சரிவில்தான் நிறுத்துவோம். பிரேக்கை விட்டால் உருளும். கியரைப் போட்டால் இஞ்சின் பிடித்துக்கொள்ளும். சாவியால் ஸ்டார்ட் செய்வது அபூர்வம். அதனால் என் ஜீப்பில் பாட்டரிக்குச் சார்ஜ் ஏறவில்லை என்பது நெடுநாள் தெரியவில்லை. சார்ஜ் கோளாறைக் காட்ட ஸ்டியரிங் முன்னால் இருக்கும் சிவப்பு விளக்கும் எரிந்ததில்லை. எரியாதவரை நல்லது என்றிருந்தேன்.

போடிமெட்டு மூடுபனியில் ஹெட்லைட் மங்கியபோதுதான் தெரிந்தது. ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்கள் வண்டியில் இருந்தார்கள்.

"திங்கக்கெழம லைட்டு எரியலைன்னா வேற ஜீப்புல ஏறிருவோம்ணே," என்றார் முன்சீட்டில் இருந்த பெண். தினமும் வரும் சவாரி அவர்கள் மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை பாட்டரியைக் கடையில் சார்ஜுக்குக் கொடுத்துவிட்டு, ஓடும்போது அதற்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரை வீட்டில் கழற்றினேன். மனைவி ஏலக்காய் தரம் பிரிக்கும் சொளகில் பாகங்களைப் பரப்பினேன். சுழலும் பாகம் சுற்றியிருக்கும் செம்புக் கம்பிகளைத் தொடவே இல்லை. தொடாமல் கரண்ட் எப்படிப் பிறக்கிறது? கையால் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன்.

"சோலியப் பாக்காம ராட்டினம் சுத்துறீகளா?" என்றாள் மனைவி.

சுழலும் பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கும் இரண்டு கார்பன் துண்டுகள் நகம் அளவுக்குத் தேய்ந்திருந்தன. புதியவை வாங்கி ஈயத்தால் பற்றவைத்தேன். ஸ்பிரிங் அவற்றை வெளியே தள்ளியதால் மூட முடியவில்லை. உள்ளே அமுக்கி, பின்பக்க ஓட்டை வழியாக அவளுடைய தையல் ஊசியைச் செருகி நிறுத்திக்கொண்டு மூடினேன்.

ஓரளவு சார்ஜ் ஏறியிருந்த பாட்டரியையும் வாங்கிவந்து வண்டியில் மாட்டி, தெருச் சரிவில் உருட்டினேன். கிளம்பிவிட்டது. சிவப்பு விளக்கு எரியவில்லை. "சரியாயிருச்சு," என்றேன்.

"உருட்டிவிட்டா எந்த வண்டியும்தான் ஓடும். லைட்டப் போடுங்க பாப்போம்."

போட்டேன். கால் மணி நேரத்தில் வெளிச்சம் லேசாகச் சோர்ந்தது. பானட்டைத் திறந்து குனிந்தேன்.

"அதுசரி, என் ஊசி எங்க?" என்றாள்.

அது இன்னும் கார்பனைச் சுழலும் பாகத்தைத் தொடவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. இஞ்சினை நிறுத்தி, ஊசியை உருவினேன். உள்ளே 'டிக்' என்றது. சமதரையில் சாவியைத் திருப்பினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. இஞ்சின் ஓடியதும் அணைந்தது. முதலில் எரிந்து, பிறகு அணைய வேண்டிய விளக்கு அது. இத்தனை வருடம் ஓட்டியும் கவனித்ததில்லை.

திங்கட்கிழமை பனிக்குள் ஹெட்லைட் நின்று எரிந்தது. எஸ்டேட்டில் ஜீப்பைச் சமதரையில் நிறுத்தினேன்.

"என்னண்ணே, சாயங்காலம் எங்களத் தள்ளச் சொல்லப் போறீகளா?" என்றார் முன்சீட்டுக்காரர்.

இஞ்சினை அணைத்துவிட்டு, சாவியை மறுபடி திருப்பிக் காட்டினேன். தள்ளாமலே பிடித்துக்கொண்டது.