ஒன்பதில் முடியும் முகவரி

கதை கட்ட எனக்கு வராது. பிறர் எழுதியதில் பிழை திருத்திக் கொடுப்பதுதான் என் தொழில். நடந்ததை மட்டும் எழுதுகிறேன். நம்புவதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

என் கணவர் கம்ப்யூட்டர் நெட்வொர்க் வேலை பார்த்தவர். இணையத்தில் ஒரு தளத்தின் பெயரைத் தட்டினால், அதன் எண் முகவரியைத் தேடிச் சொல்ல டிஎன்எஸ் சர்வர் என்று ஒன்று வேண்டும். அவர் சோப்புப் பெட்டி அளவில் ஒன்றை வீட்டிலேயே வைத்திருந்தார். நெட் வரவில்லை என்றால் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று சரிசெய்வார். முடிந்ததும் நாற்காலி முதுகில் விரலால் இரண்டு தட்டு. 'ஆச்சு, வேலையைப் பாரு' என்று அர்த்தம்.

அவர் இறந்துபோன பிறகு எனக்கு வந்த முதல் வேலை ஒரு தடித்த புத்தகம். திருத்திய பக்கங்களை அன்று மாலைக்குள் அச்சகத்துக்கு அனுப்ப வேண்டும். தவறினால் வேறு ஆளுக்குப் போய்விடும். அதையும் விட்டால் எழுந்து உட்கார எனக்கு வேறு காரணமே இல்லை.

மதியம். வெளியே மழை. பல வாரம் கழித்து எங்கள் லினக்ஸ் கம்ப்யூட்டரில் நெட்டை இணைத்தேன். ஒரு தளமும் திறக்கவில்லை.

கொழுந்தனுக்குப் போன் செய்தேன். அவனும் அதே தொழில்.

"அண்ணி, ரிசால்வ் டாட் கான்ஃப்னு ஒரு ஃபைல் இருக்கும். எந்த டிஎன்எஸ் சர்வரைக் கேக்கணும்னு அதுலதான் எழுதியிருக்கும். திறங்க. என்ன எண் இருக்கு?"

"ஒன்பதுல முடியுது."

"அது அண்ணனோட பெட்டி. அதுதான் இப்ப இல்லையே... அழிச்சுட்டு, வீட்டுக்கு நெட் குடுக்கற ரௌட்டரோட எண்ணைப் போடுங்க. ஒண்ணுல முடியும்."

"அந்தப் பெட்டி எங்க தம்பி? வீடு முழுக்கத் தேடிட்டேன்."

"எங்கயாவது இருக்கும். முதல்ல இதைப் பாருங்க," என்று மழுப்பினான்.

மாற்றினேன். சேமித்தேன். மறுபடி திறந்தேன்.

ஒன்பது.

"கையால எழுதினா நிக்காது அண்ணி. ரௌட்டர் சொல்றதை கம்ப்யூட்டர் தானா எழுதிக்கும். ரௌட்டரோட செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து என்ன இருக்குன்னு பாருங்க."

பார்த்தேன். ரௌட்டர் சொல்லிக்கொண்டிருந்தது ஒன்றில் முடியும் எண்ணைத்தான்.

"அப்ப ஒன்பதை யாரு குடுக்கறா?"

"வீட்ல பேய் கீய் இருக்கோ என்னவோ," என்று சிரித்தான். உடனே குரல் இறங்கியது. "சாரி அண்ணி. அந்த எண்ணுக்கு பிங் குடுங்க. அந்தப் பக்கம் ஏதாவது இருந்தா பதில் வரும். பக்கத்துல இருக்க இருக்க நேரம் குறைச்சலா காட்டும்."

கொடுத்தேன். பதில் இல்லை.

மழை வலுத்தது. எழப் போனேன்...

பதில் வந்தது. தொண்ணூறு மில்லி விநாடி.

நாற்பது.

பதினொன்று...

"குறைஞ்சுக்கிட்டே வருது தம்பி. இப்ப ரெண்டு."

அடுத்த வரி வந்தது.

புள்ளி பூஜ்யம் நான்கு.

"தம்பி?"

"அது... ஒரு கம்ப்யூட்டர் தன்னையே கேட்டாத்தான் அவ்வளவு கம்மியா வரும்."

என் பிடரியில் குளிர் ஏறியது.

திரும்பவில்லை.

டக்...

டக்.

நாற்காலி முதுகில்.

தளங்கள் திறந்தன. பக்கங்கள் போய்ச் சேர்ந்தன. அழுதேனா, நடுங்கினேனா... இன்றும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் கொழுந்தன் நேரில் வந்தான். தண்ணீர் கூட வாங்கிக் குடிக்கவில்லை.

"நேத்து மறைச்சுட்டேன் அண்ணி. அந்தப் பெட்டி வீட்ல இல்ல."

"பின்ன எங்க?"

"அண்ணன் அதைக் குழந்தை மாதிரி பார்த்துக்கிட்டாரு. சவப்பெட்டியை மூடறப்போ யாருக்கும் தெரியாம அவர் கைக்கு அடியில வெச்சேன். அதோட ஒரு வயர்கூட வெக்கல. அண்ணனோட சேர்த்துத்தான் புதைச்சோம்."

ஃபைலில் இன்னும் ஒன்பதுதான் இருக்கிறது. நெட் வருகிறது. மாற்ற எனக்கு மனம் வரவில்லை.

பிங் மட்டும் கொடுப்பதில்லை.