கரண்ட் பில்லில் இருந்த முதலாளிகள்

கட்டுக்கட்டாகக் கரண்ட் பில்களைப் பார்த்துக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தபோதுதான் கவனித்தேன். கருமத்தம்பட்டியில் விசைத்தறி ஓடும் குடோன்களில் பாதிக்கு மேல் பெண்கள் பெயரில்! நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேவிட்டேன்.

நாடு தனக்கென்று வகுத்துக்கொண்ட வளர்ச்சி இலக்குகளுக்கு வெளி நிதியங்களிடமிருந்து பணம் திரட்ட உதவுவதுதான் கோவையில் எங்கள் அலுவலகத்தின் வேலை. விசைத்தறிக் கூரைகளில் சூரியத் தகடு பதிக்கும் திட்டம் என் பொறுப்பு. தூய மின்சாரம் ஓர் இலக்கு, பெண்களின் தொழில் இன்னொன்று. இரண்டும் ஒரே விண்ணப்பத்தில் வந்தால் எந்த நிதியம் மறுக்கும்? ‘பெரும்பாலும் பெண்கள் நடத்தும் தொழிற்கூடங்கள்’ என்று அன்றைக்கே எழுதி அனுப்பினேன். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நிதியத்தின் ஆய்வாளர் நேரில் வந்தார். தமிழர்தான், டெல்லியில் வேலை. முதல் குடோனிலேயே, பில்லில் பெயர் இருந்த பெண்ணின் கணவர் ஓடிவந்து வரவேற்றார். அந்தப் பகுதித் தறிக்காரர்களுக்கு அவர் சொன்னால் சொன்னதுதான்.

“வாங்க, வாங்க. நான்தானுங்க எல்லாம் பாத்துக்கறது.”

“பில்லுல பேர் இருக்கிற அம்மாவைப் பார்க்கணுமே.”

“அம்மணி, இங்க வா. உன்னையத்தான் கேக்கறாங்க.”

தலையில் ஒட்டிய பஞ்சைத் தட்டியபடி மனைவி வந்தார். தறி யாருடையது என்று ஆய்வாளர் கேட்டார்.

“பேரு என்றதுங்க. தறி அவுங்குளுது.”

“அட, ரெண்டும் ஒண்ணுதானுங்க,” என்று சிரித்தார் கணவர்.

“ஒண்ணுன்னா, பாவு நூலு கொண்டார வண்டிக்காரன் என்னயக் கேட்டா எறக்கறான்?” என்ற மனைவி, ஆய்வாளர் பக்கம் திரும்பினார். “ஒரு கரண்டு சர்வீசுக்கு இத்தன யூனிட்டுன்னுதான் சலுகைங்க; எல்லாத் தறியவும் ஒண்ணுலயே ஓட்டுனா பத்தாதுங்க. நடுவால செவுத்த வெச்சு, இந்தப் பக்கத்துக்கு என்ற பேருல ஒண்ணு வாங்கிப்போட்டாங்க. கரண்டாபீசுக்கு நான் மொதலாளி. ஊட்டுல டீ போடறவ.”

பக்கத்துத் தறியில் நின்றவர் வாய்விட்டுச் சிரித்தார். ஆய்வாளர் விண்ணப்பத்தைப் புரட்டி, அந்த வரியில் விரலை வைத்தார்.

“இதை யார் எழுதினது?”

பில்களைச் சேகரித்துக் கொடுத்த கணக்கெடுப்பாளர்கள் மேல் பழியைப் போட்டுவிடலாம். வாய்வரைக்கும் வந்தது.

“நான்தான் சார். பில்லைப் பார்த்து எழுதிட்டேன்.”

தறிச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. அதே வாக்கியத்தைக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. குடோன் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

“ஒரு மாசம் தர்றேன். உள்ளதை எழுதிக் கொடுங்க. இல்லேன்னா இந்த ஊர்க் கூரை ஒண்ணுகூடப் பட்டியல்ல இருக்காது.”

அவருடைய கார் கிளம்பியதும் அந்த அம்மா என் அருகில் வந்தார்.

“ஏனம்மணி, தகடு போட்டா மிச்சமாகற காசு யாரு கைக்குங்க வரும்? பேரு என்றதுதானே?”

மூன்று மாதமாகத் திட்டம் எழுதுகிறேன், இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை.

பழைய வரியை அடித்துவிட்டேன். மின் இணைப்பில் யார் பெயரோ, கூரை ஒப்பந்தத்தில் கையெழுத்தும் அவருடையது, மிச்சம் சேர்வதும் அவர் வங்கிக் கணக்கில் என்று புதிதாக ஒரு நிபந்தனை எழுதியிருக்கிறேன். கணவர் முறுக்கிக்கொண்டு விலகினால் மற்றவர்களும் பின்னாலேயே போவார்கள், திட்டம் அதோடு சரி. அலுவலகத்தில், “முதலில் அவரைச் சரிக்கட்டு,” என்கிறார்கள்.

நாளை காலை கருமத்தம்பட்டி போகிறேன். முதலில் அந்த அம்மாவிடம்தான் வாசித்துக் காட்டப்போகிறேன். அவர் வேண்டும் என்றால், இருவருமாகக் கணவரிடம் பேசுவோம்.